கடைசிப் பக்கமும் கடைசிக் காட்சியும்

அந்தியூர் ஏரிக்கரையில் ஒரு சிறிய மடம். அதன் குரு அமிர்தவல்லி. அவருடைய சீடர் திருமேனி அவரைவிட இருபது வயது மூத்தவர். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு நாள் காலை திருமேனி கேட்டார்.

"அம்மா, நான் விரும்பிப் படித்த நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள். முடிவையே மாற்றிவிட்டார்கள். ஜனங்களுக்கு எது பிடிக்கும்? புத்தகமா, படமா?"

"நாவலில் என்ன முடிவு?"

"தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளைப் பார்க்காமலே அப்பன் சாகிறான்."

"படத்தில்?"

"மகள் வீட்டுக்குப் போய்விடுகிறான்."

குரு வாசல் பக்கம் கைகாட்டினார்.

"எதிரே பஞ்சர் கடை பொன்னையனுக்குப் படிக்கத் தெரியாது. அவரைப் படத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் மனைவி சற்குணம் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவர். அவரிடம் நாவலைக் கொடுங்கள். பிறகு இருவரையும் கேளுங்கள்."

திருமேனி அப்படியே செய்தார். நான்காம் நாள் கடைக்குப் போய்க் கேட்டார்.

"படந்தானுங்க," என்றார் பொன்னையன். "அந்த அப்பன் பஸ் ஏறிப் போறப்ப நானும் எந்திரிச்சு நின்னுட்டேன்."

"அவன் எங்க போனான்? போகவே இல்லை," என்றார் சற்குணம்.

"நாங் கண்ணால பாத்தேன் புள்ளெ."

"அது சினிமாக்காரங்க ஏத்திவிட்டது. எழுதுனவருக்குத் தெரியும், அந்த மாதிரி ஆளு போகமாட்டான்னு."

"ஏன், போனா என்ன?"

சற்குணம் உள்ளே போய் நாவலை எடுத்துவந்தார். கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார். செத்தவனின் தலையணைக்கு அடியில் மகள் எழுதிய பதினோரு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பொன்னையன் கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம கயல்விழி எத்தனை தடவை போன் பண்ணியிருப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்களுக்குத்தான பண்ணுறா. நீங்கதான் எடுக்கறதே இல்லையே."

திருமேனி மெல்ல எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் மாலை குருவின் முன் போய் நின்றார்.

"அம்மா, கடை பூட்டிக் கிடக்கிறது. இரண்டு பேரும் ஓசூர் பஸ் ஏறிவிட்டார்களாம். மகள் அங்கேதான் இருக்கிறாளாம். கல்யாணமாகி மூன்று வருஷமாகப் பொன்னையன் அவளோடு பேசவே இல்லையாம்."

"சரி."

"அப்படியானால் படம்தானே? அந்த அப்பன் போனதைப் பார்த்துத்தானே இவரும் போனார்?"

குரு விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

திருமேனிக்கே சந்தேகம் வந்தது. "ஆனால் படம் பார்த்த பிறகும் மூன்று நாள் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிதங்களைப் பற்றிக் கேட்டதும்தான்... அப்படியென்றால் நாவலா? எது என்று நீங்களே சொல்லுங்கள் அம்மா."

"அவர்கள் ஊர் திரும்பட்டும், கேட்டுப் பாருங்கள்," என்றார் குரு. "உங்கள் கேள்வி அவர்களுக்கு ஞாபகம் இருந்தால் பதில் சொல்வார்கள்."