நடுக்குழாய்

கோயம்புத்தூரில் ரேஸ் கார் இன்ஜின் கட்டுவதில் ஜெசிந்தாவுக்குத் தனிப் பெயர். மில் வேலையை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் அவரிடம் தொழில் கற்க வந்தவர் தண்டபாணி. குருவைவிடச் சீடர் மூத்தவர்.

குன்னூர் பெரோஸ் தன் பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டு சிலிண்டர். புகை போகும் நடுக்குழாயை மாற்ற வேண்டும்.

"இந்த வண்டி முழுக்க உங்களோடது" என்றார் ஜெசிந்தா.

தண்டபாணிக்குத் தனியாகக் கிடைத்த முதல் வண்டி அது.

இன்ஜினின் இரு பக்கமும் இறங்கும் குழாய்களை நடுவில் இணைக்க வேண்டும். எக்ஸ் வடிவில் இணைத்தால் உச்ச வேகத்தில் கூடுதல் பலம். சத்தம் கூராக அலறும். எச் வடிவில் இணைத்தால் அந்தப் பலம் கொஞ்சம் குறையும். சத்தம் அடித்தொண்டையில் உறுமும். அந்தப் பட்டறைக்குப் பெயர் வந்ததே எக்ஸ் குழாயால்தான்.

"மேடம், எது போடட்டும்?"

ஜெசிந்தா கார் சாவியை எடுத்து நீட்டினார்.

"பெரோஸ் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து மலை ஏறிட்டு வாங்க."

போனார்கள். பெரோஸ் ஒரு வண்டியையும் முந்தவில்லை. கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாறைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"என்ன கேக்கறீங்க?"

"நம்ம வண்டி உறுமல் பாறையில பட்டுத் திரும்புது பாருங்க. இதுக்குத்தான் சார் இந்த வண்டியே வெச்சிருக்கேன்."

திரும்பி வந்ததும் தண்டபாணி குழாயை வெட்டினார். எச் வடிவம். வெல்டிங் பாதியில் இருக்கும்போது ஜெசிந்தா பின்னால் வந்து நின்றார். தண்டபாணி கையை நிறுத்தவில்லை. ஜெசிந்தா பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வேலை முடிந்தது. பெரோஸ் வண்டியைக் கிளப்பினார். தரையிலிருந்து எழுந்தது போல ஓர் உறுமல். பட்டறையில் ஆளாளுக்குக் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெரோஸ் இறங்கி வந்து பானெட்டின்மேல் கையை வைத்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"மேடம், உங்க கை பட்டா அது தனிதான்!"

ஜெசிந்தா தண்டபாணியைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என் கை இல்லைங்க. நானா இருந்தா எக்ஸ்தான் போட்டிருப்பேன்."