ஏழூர் மக்களாகிய நாம்

"ஐயா, எங்கள் தெருவைத் தண்ணீருக்குள் விடப்போகிறார்கள்," என்றாள் பேச்சி.

ஆசான் மருதப்பன் முற்றிய வெண்டைக்காயை உடைத்து விதை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார்?"

"சபைதான். ஏரிக்கரையை ஐந்து முழம் உயர்த்துகிறார்களாம். கீழ்வயலுக்கு மூன்றாம் போகம் வேண்டுமாம். கரை உயர்ந்தால் கோடித் தெருவில் எண்பது வீடும் உள்ளே போய்விடும்."

பேச்சிக்கு நாற்பத்தைந்து வயது. ஆசானுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏழூரார் அரண்மனையை எதிர்த்துச் சண்டையிட்ட காலத்தில், ஒளிந்திருந்த காட்டில் அவள் அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டாள்.

அரசன் ஓடிப்போனான். இனி அரசன் வேண்டாம், எழுதிய சட்டம் போதும் என்று ஊரார் முடிவு செய்தார்கள். அந்தச் சாசனத்தை எழுதியவர் ஆசான்.

"மூன்று மன்றம் வைத்தோமே," என்றார் அவர். "சட்டம் செய்ய ஒன்று, நடத்த ஒன்று, நியாயம் சொல்ல ஒன்று. போனாயா?"

"மூன்றுக்கும் போனேன்."

"சட்டம் செய்கிற சபையார் என்ன சொன்னார்கள்?"

"நிறையப் பேர் கை தூக்கியாயிற்று, இனி பேச ஒன்றும் இல்லை என்றார்கள்."

"நடத்துகிறவர்கள்?"

"சபை சொன்னதைச் செய்வதுதான் எங்கள் வேலை என்றார்கள். மண்வெட்டியெல்லாம் வந்து இறங்கிவிட்டது."

ஆசான் விதைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஒரு மன்றம் தவறினால் இன்னொன்று தடுக்க வேண்டும். ஒருவரையொருவர் காவல் காக்கட்டும் என்றுதானே அப்படி எழுதினேன்?"

"காக்கிறார்கள் ஐயா. அதில் குறையே சொல்ல முடியாது. ஒருவரையொருவர் நன்றாகக் காக்கிறார்கள்."

ஆசானுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நியாய மன்றத்தில்?"

"வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட நீ யார் என்று கேட்டார்கள். ஏழூர் மக்களில் ஒருத்தி என்றேன். பெயர்ப் பட்டியலைப் புரட்டினார்கள். கோடித் தெரு எந்த ஊரிலும் சேராதாம். புறம்போக்காம். ஏரியில் தூர் வார மட்டும் ஏழூருக்கும் நாங்கள் சொந்தம்."

"சாசனத்தின் முதல் வரியைக் காட்டினாயா?"

"காட்டினேன். 'ஏழூர் மக்களாகிய நாம்' என்று இருக்கிறது. நீங்கள்தானே காட்டில் சொல்லிக் கொடுத்தீர்கள்? கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. கேட்கிறவரை விட்டுவிட்டால் 'நாங்கள்'. இங்கே 'நாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நானும் இதில் உண்டுதானே என்று கேட்டேன்."

"சரியாகக் கேட்டிருக்கிறாய்."

"நியாயம் சொல்கிறவரும் அதையேதான் சொன்னார். சரிதான் அம்மா, கேட்டவர்களை எல்லாம் அந்தச் சொல் சேர்த்துக்கொள்ளும். சாசனம் வாசித்த அன்று நீ கேட்டாயா என்றார்."

"நீ என்ன சொன்னாய்?"

"என்ன சொல்வது? அரண்மனை ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அன்று எல்லோருக்கும் பயம். எங்கள் தெருவில் பதினோரு பேர் வேல்கம்போடு வெளியே நின்றோம். உள்ளே வாசித்தார்கள். கதவு சாத்தியிருந்தது."

ஆசான் சிதறிய விதைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"நீங்கள்தான் சாத்தச் சொன்னீர்கள். இரைச்சல் கேட்கிறது என்று."

"ஞாபகம் இருக்கிறது."

"அதைக் குறை சொல்ல நான் வரவில்லை ஐயா. நீங்கள் ஒரு நடை வந்து சபையில் சொல்ல வேண்டும். கோடித் தெருவையும் நினைத்துத்தான் அந்தச் சொல்லை எழுதினேன் என்று. எழுதியவர் சொன்னால் தட்ட மாட்டார்கள்."

ஆசான் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்சி, எழுதும்போது ஒருவர் என்னிடம் கேட்டார். கோடித் தெருவையும் எண்ணப்போகிறோமா என்று."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றால் மூன்று ஊர் எழுந்து போயிருக்கும். சாசனமே இல்லாமல் போயிருக்கும். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பொதுவாக ஒரு சொல்லைப் போட்டேன். பின்னால் வருகிறவர்கள் நல்லவிதமாகப் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்."

"பின்னால் வந்தவர்களும் அந்த மூன்று ஊர்க்காரர்கள்தானே ஐயா?"

அவர் எழுந்து போய் எழுதுகோலை எடுத்து வந்தார்.

"உன்னிடம் இருக்கும் படியைக் கொடு. கோடித் தெருவும் உட்பட என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

"செல்லாது. சாசனத்தைத் திருத்த ஏழில் ஐந்து ஊர் கை தூக்க வேண்டும். எழுதியவரே ஆனாலும் தனியாகத் தொடக்கூடாது. பன்னிரண்டாம் விதி. அரசன் மாதிரி யாரும் முளைத்துவிடக் கூடாது என்று நீங்கள் எழுதியது."

அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"நல்ல விதி," என்றாள் பேச்சி. "மனப்பாடமாகத் தெரியும்."

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வா, போகலாம். நான் சபையில் பேசுகிறேன்."

"நடந்ததைச் சொல்வீர்களா, நினைத்து எழுதினேன் என்று சொல்வீர்களா?"

"நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்."

"சொன்னால் தோற்றுவிடுவேன்."

"தோற்றாலும் என்ன? அரண்மனையையே தாங்கியவர்கள். இதையும் நாம் தாங்கிக்கொள்வோம்."

பேச்சி வாசலில் நின்றாள்.

"கரை உயர்ந்தால் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருமா ஐயா?"

"வராது. இது மேடு."

"'நாங்கள்' என்று சொல்லுவேன் நான்," என்றாள் பேச்சி.