பிந்தி விழும் கட்டைவிரல்

"அவ என் கட்டைவிரலைத் திருடிட்டா, டீச்சர்" என்றான் எட்வின்.

ஐவி டீச்சர் பொன்மலையில் நாற்பது ஆண்டுகளாக கிட்டார் சொல்லித்தருபவர். மாணவர்களின் திருட்டுப் புகார்கள் அவருக்குப் புதிதல்ல. தோளில் மாட்டும் ஸ்ட்ராப், புதுக் கம்பிகள், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை. கட்டைவிரல் இதுதான் முதல்முறை.

"யாரு?"

"ஷெர்லி. வேற யாரு?"

ஷெர்லியும் எட்வினும் ஒரே நாளில் டீச்சரிடம் சேர்ந்தவர்கள். இப்போது இருவருக்கும் நாற்பது வயது. போன மாதம் ஷெர்லி 'லெவல் கிராசிங்' என்று ஒரு கன்ட்ரி பாப் ஆல்பம் வெளியிட்டாள். பத்துப் பாட்டு. பாடியதும் கிட்டார் வாசித்ததும் அவளே.

ஷேர் ஆட்டோவில் அதுதான். டீக்கடையில் அதுதான். எட்வினின் மனைவியே அதைப் பாடிக்கொண்டுதான் தோசை ஊற்றினாள். அவனுக்கு வயிறு எரிந்தது. தோசையும் இறங்கவில்லை.

"நாலாவது பாட்டு, நாப்பதாவது செகண்டு. அந்த ஒரு இடத்தை மட்டும் முப்பது தடவை கேட்டேன். கட்டைவிரல்ல தட்டுற பேஸ் நோட்டு ஒரு இம்மி பிந்தி விழுது. அது என் ஸ்டைலு. இருபது வருஷமா கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கிறேன், ஊருக்கே தெரியும்."

போனை நீட்டினான். ஃபேஸ்புக்கில் போடுவதற்கு எழுதி வைத்திருந்தான். 'திருடி' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. போட்டுவிட்டால் ஷெர்லியோடு இருபத்தைந்து வருடப் பழக்கம் அன்றோடு முடிந்தது.

டீச்சர் நிதானமாகப் படித்தார்.

"எடுத்தது உண்மைதான்" என்றார்.

எட்வினின் முகம் மலர்ந்தது.

"அப்ப போட்டுடவா?"

"இரு. கிட்டாரைக் குடு."

அதே பாட்டை டீச்சர் வாசித்தார்.

இத்தனை வருடமும் வகுப்பில் எட்வின் தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றுதான் டீச்சரின் வலது கையைப் பார்த்தான். மற்ற விரல்கள் ஓடின. கட்டைவிரல் மட்டும் மடங்காமல், விறைத்தபடியே சுற்றி வந்து கம்பியைத் தொட்டது. பேஸ் நோட்டு ஒரு இம்மி பிந்தி விழுந்தது.

"இன்னொரு தடவை, டீச்சர்."

மறுபடியும் பிந்தியது.

"விரலுக்கு என்ன ஆச்சு?"

"எங்க வீட்டு வாசல் இரும்புக் கதவுல நசுங்கிச்சு. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி. அப்புறம் மடங்கல."

எட்வின் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அது நன்றாகவே மடங்கியது.

"மொத நாளே சொன்னேன்" என்றார் டீச்சர். "நான் சொல்ற மாதிரி வாசிங்க, நான் வாசிக்கிற மாதிரி வாசிக்காதீங்கன்னு. ரெண்டு கழுதையும் கேக்கல."

எட்வின் எழுதியதை அழித்தான். ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. அதையும் டீச்சரிடமே கொட்டினான்.

"நசுங்கினது உங்க விரலு. ஆல்பம் போட்டது அவ. உங்களுக்குப் பொறாமையே வரலியா?"

"வராம? ரெண்டு நாள் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல."

"அப்புறம்?"

"மூணாம் நாள் பாட்டைக் கேட்டேன். என் விரலு நல்லாத்தான் பிந்துது."