தவசி கொடுத்த அனுமதி

முப்பத்தாறு வயதாகியும் தவசிக்குக் கல்யாணம் அமையவில்லை. "எனக்கும் ஒரு பொண்ணு பாருங்கடா" என்று கூட்டாளிகள் பிச்சுமணியிடமும் சொக்கனிடமும் அவன் வாய்விட்டுச் சொன்ன அன்றே, அவன் போனில் பட்டுவேட்டி விளம்பரம் வந்தது. மூவரும் வெலவெலத்துப் போனார்கள்.

"உள்ளே எவனோ உக்காந்து ஒட்டுக்கேக்குறான்" என்றான் பிச்சுமணி.

போன் கடைக்காரர் பொறுமைசாலி. உள்ளே இருந்ததை மொத்தமாக அழித்துவிட்டு, வேவு பார்க்காத வேறொரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்.

"இனி யார் என்ன விவரம் கேட்டாலும் உங்க அனுமதி இல்லாம போகாது. 'எப்போதும்', 'இந்த முறை மட்டும்', 'மறுக்கவும்'னு மூணு வரும். பொதுவா மறுத்துடுங்க. தவிர்க்க முடியலைன்னா இந்த முறை மட்டும். 'எப்போதும்' மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் செண்பகத்தைப் பெண் பார்க்கப் போனார்கள். காபி கொண்டுவந்தவள் தவசியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். இவளை விட்டால் தனக்கு வேறு ஆளில்லை என்று அவன் அங்கேயே முடிவு கட்டிவிட்டான், பாவம்.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறார்?" என்றார் பெண்ணின் அப்பா.

"மறுக்கிறோம்" என்றான் சொக்கன்.

"என்ன நட்சத்திரம்?"

"அதையும் மறுக்கிறோம்."

ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அவர் போனைத் தூக்கியதும், பிச்சுமணி கேசரித் தட்டால் தவசியின் முகத்தை மூடினான். மூக்கெல்லாம் முந்திரி. அப்பாவுக்கோ புல்லரித்துவிட்டது.

"தற்பெருமையே இல்லாத பிள்ளை! பொண்ணுக்கும் பிடிச்சிருக்காம். நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, இவளைக் கட்டிக்கச் சம்மதமா?"

மூன்று தலைகளும் ஒன்றுகூடின.

"மறுத்துடு" என்றான் பிச்சுமணி.

"ஐயோ, மறுத்தா செண்பகம் போயிடுமேடா!"

"அப்ப 'எப்போதும்'னு சொல்லவா?" என்றான் சொக்கன்.

"கடைக்காரர் அத்தனை தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடா!"

தவசி எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, பணிவாகக் கைகூப்பினான். "இந்த முறை மட்டும்."

அடுத்த நிமிடம் மூவரும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் விளக்குமாறோடு அப்பா.

"டேய்! இனிமே இந்தத் தெருப் பக்கம் வருவியாடா?"

தவசி நின்று திரும்பினான். வாசலில் செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. கடைக்காரர் சொன்னதெல்லாம் காற்றில் போக, அங்கிருந்தே கத்தினான்.

"எப்போதும்!"

"போச்சுடா, கொடுத்துட்டான்!" என்று அலறிய பிச்சுமணி, விளக்குமாற்று அடிகளுக்கு நடுவே புகுந்து, தவசியின் சட்டைப்பையிலிருந்த போனை அவசரமாக அணைத்தான்.