சோலாருக்கு ஒரு காலிப் பைப்

உலகம்மையின் மடத்துக்கு ஓட்டுக்கூரை. மழைக்காலத்தில் அங்கே ஒழுகாத இடம் கிணற்றடி மட்டும்தான், அங்கே கூரையே கிடையாது. இந்த வருடம் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட ஏற்பாடானது.

குருவான உலகம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எம் மக வடிவு எனக்கு ஒரு போனாவது பண்ணுவாளாம்மா?"

நாலு வருடத்துக்கு முன் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள் வடிவு. ஞானம் தேடி வந்தவர் கேட்கிற கேள்வியா இது என்றால், அவரிடம் வேறு கேள்வி இல்லை, அவ்வளவுதான். மனிதர் மகளுக்காக ஏங்கிக் கரைந்துகொண்டிருந்தார். சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடும்.

உலகம்மை ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று, எலக்ட்ரீசியன் பேச்சிமுத்து விளக்குக்கும் விசிறிக்கும் ஒயர் போகிற பைப் வைத்துக்கொண்டிருந்தான். உலகம்மை மேலே ஏறி வந்தார்.

"மாடியிலேருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் இன்னொரு பைப் போடு."

"எதுக்கும்மா?"

"சோலார் தகடு வச்சா ஒயர் இறக்கணும்லா."

"தகடு வாங்கியாச்சா?"

"இல்ல."

"எப்ப வாங்குதீங்க?"

"தெரியாது."

"பிள்ளை பொறக்குமுன்ன பேரு வைக்கிற கதையால்லா இருக்கு" என்று பேச்சிமுத்து சிரித்தான். ஆனாலும் போட்டான். பின்னால் ஒயரைக் கட்டி இழுக்க வசதியாக உள்ளே ஒரு கம்பியும் விட்டுவைத்தான்.

மறுநாள் கான்கிரீட். ஆவுடையப்பனுக்கு ஒரே வேலை. அந்தப் பைப்பின் வாய்க்குள் சிமெண்டுப் பால் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாக்குத்துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, காலையிலிருந்து வெயிலில் குந்தியிருந்தார். கலவைச் சட்டி தூக்கிய பெண்கள், "பெரியவரே, பைப்பு ஓடிப்போயிராம, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று கேலி செய்தார்கள்.

மதியம் கஞ்சி கொண்டுவந்த உலகம்மையிடம் அவர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"இல்லாத தகட்டுக்கு, இல்லாத ஒயருக்கு என்னைக் காவல் வச்சிருக்கீங்களேம்மா. வரும்போது பாத்துக்கிடலாம்லா?"

"வரும்போதுன்னா கான்கிரீட்டை உடைக்கணும், ஐயா. உடைச்ச இடத்துல ஒழுகும்."

அவர் கஞ்சியைத் தொடவில்லை.

"வராமலே போச்சுன்னா?"

கேட்டது சோலாரைப் பற்றி இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. உலகம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வடிவு எந்த நம்பருக்குக் கூப்பிடுவா?"

"என் நம்பருக்குத்தான்."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"பழைய நம்பர் தெரியும்."

"அது இப்ப இருக்கா?"

ஆவுடையப்பன் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா. அவ போன அன்னைக்கே சிம்மை முறிச்சு வாய்க்கால்ல எறிஞ்சிட்டேன். அழுதுகிட்டே கூப்பிட்டான்னா மனசு இளகிருமோன்னு பயம். பெறகு வீட்டையும் வித்துட்டு, ஊர்ல யாருகிட்டயும் சொல்லாம இங்க வந்துட்டேன்."

சொல்லி முடித்தபிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"அவ நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார் உலகம்மை.

"மனப்பாடம். ஆனா அப்பன்காரன் நானு. நான் எப்படிம்மா முதல்ல கூப்பிடுதது?"

உலகம்மை பைப்பின் வாயில் தளர்ந்திருந்த கட்டை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினார். கலவைச் சட்டிகள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

ஆவுடையப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஒன்பது எண்களை அழுத்திவிட்டார். பத்தாவதில் விரல் நின்றது.

"இத்தனை வருசம் கழிச்சு... எடுப்பாளாம்மா?"

"தெரியாது."

"எடுக்காட்டி?"

"உங்க நம்பர் அவகிட்ட போய்ச் சேந்திருக்கும்லா."