சேம்பிலை மனு

மலையில் ஒரு பாறை இடுக்கில் விரல் தடிமனுக்குப் பிறந்து, மூங்கில் காட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி, தாழம்புதர்களுக்கு நடுவே கடலில் போய்ச் சேரும் ஆறு ஒன்று இருந்தது. நாணலாறு என்று பெயர். கடலைத் தொட ஒரு பகல் நடை மிச்சமிருக்கும்போது, அது ஒரு காட்டுக்குள் மடுவாகத் தேங்கி இளைப்பாறும். அந்த மடுக்கரையில், குழந்தைகளே, ஒரு காட்டுப்பன்றி இருந்தார்.

'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் தன்னை மடுவரசர் என்று சொல்லிக்கொண்டார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே, சொல்வதற்கென்றே ஒரு நரியைச் செயலாளராக வைத்துக்கொண்டார்.

ஒரு கோடையில் பன்றியாருக்கு ஏழு குட்டிகள் பிறந்தன. மடுவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. ஏழு வாய்க்கும் தண்ணீர் வேண்டுமே என்று அவர் உண்மையாகவே பயந்தார். மூக்கை மணலில் விட்டு நாலு தள்ளுத் தள்ளினார். பள்ளத்தில் தண்ணீர் ஊறியது, குட்டிகள் குடித்தன. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தோண்டிய மணல் குவிந்து கிடந்தது. நரி அதைச் சுற்றி வந்து பார்த்தது.

"அரசர் தரையில் படுப்பது மரபல்ல. இந்த மணலை மேடையாக்கலாம் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து" என்றது.

மேடை எழுந்தது. அதன்மேல் ஏறிப் படுத்தபோது காடு முழுவதும் தன்னை அண்ணாந்து பார்ப்பதுபோல் பன்றியாருக்கு இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தோண்டினார். அதற்கு மறுநாளும் தோண்டினார்.

"பிள்ளைங்களுக்குத்தான் தண்ணி கிடைச்சாச்சே. இன்னும் எதுக்குத் தோண்டுறீங்க?" என்று கேட்டாள் பன்றியம்மாள்.

"தண்ணிக்கா தோண்டுறேன்? மேடை ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குது பாரு."

ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மடுவில் மேடை எழுந்த செய்தி போனதும், சித்தப்பாவும் மாமாவும் மச்சானும் சும்மா இருப்பார்களா? மடுவிலிருந்து கடல்வரை ஆளுக்கொரு மேடை எழுந்தது. மேடைகள் உயர்ந்த அளவுக்கு ஆற்றின் படுகை கீழே போனது. வந்த கொஞ்ச நீரும் பள்ளம் பள்ளமாகத் தங்கிவிட்டதால், கடலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரைப் பௌர்ணமி அன்று மனு நாள். குறை உள்ளவர்கள் அதைச் சேம்பிலையில் கீறி அரசரிடம் நேரில் கொடுக்கலாம். பன்றியாருக்குச் சேம்பிலை என்றால் உயிர். வாங்குவார், மூன்று கடியில் தின்றுவிடுவார். உடனே நரி, "தங்கள் மனு பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று அறிவிக்கும். ஒரு மனுவைக்கூட மறுத்ததில்லை என்பது அந்தக் காட்டுக்கே பெருமை.

அந்த ஆண்டு, ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து ஒரு நண்டு வந்தது. பக்கவாட்டில் நடக்கிற பிறவி என்பதால் வந்துசேர ஐந்து நாள் ஆனது.

"ஐயா, நல்ல தண்ணி எங்க பக்கம் வர்றதே இல்ல. கடல வெளிய நிறுத்தி வச்சிருந்ததே இந்த மணலும், மேல இருந்து வர்ற தண்ணியுந்தான். ரெண்டும் போயிட்டா அது உள்ள வந்துரும்" என்றது.

பன்றியார் இலையை மென்றுகொண்டே பதில் சொன்னார்.

"கடல் உன் வாசல்ல இருக்கு. இது மடு. உன் வீட்டுப் பிரச்சினைய இவ்வளவு தூரம் தூக்கிட்டு வரலாமா?"

மறு ஆண்டும் நண்டு வந்தது. பன்றியார் இலையை ஒரு கடி கடித்தார். கண்களை மூடினார். பிறகு நண்டை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"போன வருஷத்த விட மனு நல்லா இருக்கே. உப்பு சரியா இருக்கு."

"உப்பு நான் போடல ஐயா. வர்ற வழியில தண்ணி அப்படித்தான் இருக்கு. போன வருஷம் என் வளையில இருந்துச்சு. இப்ப உங்க சித்தப்பா திருப்பம் வரைக்கும் வந்துருச்சு."

"சித்தப்பா வீட்டுல எப்பவுமே உப்பு கொஞ்சம் தூக்கல்தான்" என்றார் பன்றியார். நரி விழுந்து விழுந்து சிரித்தது, அதுதான் அதன் உத்தியோகம். அடுத்த மனு நாளிலிருந்து எல்லா மனுக்களையும் சித்தப்பா திருப்பத்தில் நனைத்துக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவும் போடப்பட்டது.

மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. மடு காய்ந்துகொண்டே வந்தது. ஆனால் மனு நாள் காலையில் பன்றியார் கண் விழித்தபோது, மடு விளிம்புவரை நிறைந்து தளும்பியது. மேகமே இல்லாமல் தண்ணீர். எல்லாம் தன் உழைப்பின் பலன் என்று அவர் பூரித்துப்போனார். இதை அறிவிக்கச் சொல்லலாம் என்று நரியைக் கூப்பிட்டார். அது விடியும் முன்பே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மலைப் பக்கம் வேறு அரசரைத் தேடிப் போயிருந்தது.

மூத்த குட்டி ஓடிப்போய்க் குடித்தது. துப்பியது. அடுத்தது குடித்தது, அதுவும் துப்பியது. ஏழும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதன.

தண்ணீருக்குள்ளிருந்து நண்டு கரையேறியது.

"வணக்கம் ஐயா. இந்தத் தடவை நடக்க வேண்டிய வேலையே இல்ல. கடலே கொண்டாந்து விட்டுருச்சு."

பன்றியார் மேடையிலிருந்து உருண்டு இறங்கினார். மணலை மூக்கால் முட்டி முட்டி மடுவுக்குள் தள்ளினார். தள்ளத் தள்ள அலை அதை இழுத்துக்கொண்டு போனது. மூன்று ஆண்டு மணலில் பாதி போயும் தண்ணீரில் உப்புக் குறையவில்லை.

பன்றியம்மாள் குட்டிகளை வரிசையில் நிறுத்தினாள். ஆறு பிறக்கிற பாறை இடுக்கிலாவது ஒரு வாய் கிடைக்கும் என்று மலையைப் பார்த்து நடந்தாள். பன்றியார் பின்னாலேயே நாலடி போனார்.

"நீங்க எங்க வர்றீங்க? மேடையப் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் குட்டி மட்டும் ஒருமுறை பார்த்தது.

அவர் கரைக்குத் திரும்பி வந்தார்.

"நண்டே, நான் இப்ப என்ன செய்யறது?"

நண்டுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் ஏழு குட்டிகளின் அழுகையை அதுவும் கேட்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான் ஐயா. இன்னிக்கு மனு நாள். மனு குடுங்க."

கரையில் ஒரே ஒரு சேம்பிலை மிச்சமிருந்தது, உப்பில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. பன்றியார் அதைத் தின்னவில்லை. கோரைப்பல்லால் மெல்லக் கீறினார்: 'என் பிள்ளைகள் திரும்பி வர நல்ல தண்ணீர் வேண்டும்.' பிறகு குனிந்து, அதை நீரின் விளிம்பில் வைத்தார்.

சின்ன அலை ஒன்று வந்தது. இலையைப் புரட்டியது, சுருட்டியது, விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனது.

பன்றியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அறிவிப்பதற்கு நரி இல்லாததால் நண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பரிசீலனைக்கு எடுத்துக்கிட்டாங்க ஐயா."

நீதி: கீழே இருப்பவர் சுமந்து வரும் குறையைக் கேட்காதவர் வீட்டுக்கு, ஒருநாள் அந்தக் குறையே நேரில் வரும்.