கட்டை கட்டாத சாவி

பொங்கல் நெருங்க நெருங்க, அந்த பஸ் டிக்கெட் கம்பெனியில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்கள் பாதி காலியாக ஓட, கம்ப்யூட்டரோ ஒரு சீட்கூட இல்லை என்று சாதித்தது.

தலைமை இன்ஜினியர் வேதமூர்த்தி, வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான கோதையின் பக்கம் திரும்பினார்.

"நீ பைத்தான் மொழியில எழுதின பகுதிதான் காரணம். சி மொழியில நான் எழுதின புரோகிராம் பதினஞ்சு வருஷமா ஓடுது. தப்பு அதுலன்னா நாலு மணி மீட்டிங்ல நிரூபி. ஆனா அதைத் திறந்து பார்க்கக் கூடாது. முடியலேன்னா நாளையிலிருந்து வராதே."

நாலு மணிக்கு மீட்டிங் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே ஏசி ஓடும் சத்தம். முதலாளி வாசலில் நிற்க, ஆளாளுக்குச் சாவியைத் தேடினார்கள். கோதை தேடவில்லை; வேதமூர்த்தியிடம் கேட்டாள்.

"காலையில உள்ளே இருந்தது நீங்கதானே சார்?"

"ஆமா. பாதியில போன் வந்தது, பூட்டிட்டுக் கிளம்பிட்டேன்."

"சாவி?"

வேதமூர்த்தியின் கை தானாகப் பைக்குள் போனது. சாவியோடு வந்தது.

"உங்க புரோகிராமும் இப்படித்தான் இருக்கணும் சார். ஒருத்தர் பணம் கட்டும்போது வேற யாரும் எடுக்காம சீட்டைப் பூட்டும், கடைசி வரியில திறக்கும். பொங்கல் நெரிசல்ல பணம் கட்டுறது பாதியில நின்னா, கடைசி வரிக்கு வராமலே வெளியேறிடும். மாட்டிக்கிட்ட சீட் எல்லாம் பணம் பாதியில நின்னதுதான். பட்டியல் இதோ."

"உன் பைத்தான்ல?" என்றார் முதலாளி.

"பெட்ரோல் பங்க்ல கழிப்பறைச் சாவியை யாரும் மறந்து எடுத்துட்டுப் போயிடாம முழநீளக் கட்டையில கட்டித்தானே சார் தருவாங்க? நாங்க பூட்டும்போதே கட்டையைக் கட்டிடுவோம். எந்த வழியா வெளியேறினாலும் திறந்துவிட்டுட்டுதான் போகும்."

மறுநாள் அந்த அறைச் சாவியில் ஒரு கிரிக்கெட் மட்டை தொங்கியது. கட்டியது யார் என்று வேதமூர்த்தி விசாரிக்கவில்லை.